ஸ்டீபன் மகளைப் பற்றி நீ எழுதியது

அன்றைக்குக் கோயில் ஹாலில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மேடையில் நடு நாற்காலியில் பங்குச் சாமியார். அவருக்கு வலது பக்கம், லீவில் பிள்ளைகளுக்கு நீ நடத்துகிற கேம்புக்கு நிதி கொடுக்க வந்த கம்பெனி மேடம், பச்சைக் கரை போட்ட காட்டன் புடவையில். கீழே அங்கும் இங்கும் குனிந்து நிமிர்ந்துகொண்டு அவரோடு வந்த போட்டோக்காரர். முன்வரிசையில் ஸ்டீபன், காசிமேட்டில் போட் இன்ஜின் ரிப்பேர் பார்க்கிறவன், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். பக்கத்தில் அவன் பெண்டாட்டி லூர்து. மேடை ஓரத்தில் அவர்கள் மகள் ரோஸி, நன்றி சொல்ல வேண்டியவள், கையில் மடித்த தாளோடு. விம்கோ நகரிலிருந்து உன் அக்கா செல்வி, தன் பிள்ளைகளோடு. சமையல்கட்டு வாசலில், கேம்புக்கு என்னோடு சேர்ந்து சமைக்கிற நூர்ஜஹானும் நானும். பாய் விரித்த தரையில் கேம்ப் பிள்ளைகள் எல்லாரும். மைக்கைப் பிடித்துக்கொண்டு என் மகன் நீ.

இத்தனை பேர் சாட்சி. நாளைக்கு ஒருவரும் வந்து, அப்படி ஒன்றும் நடக்கவில்லை, கிழவி கதை கட்டுகிறாள் என்று சொல்லக்கூடாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ பெங்களூருக்கு வண்டியேறுகிறாய். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். பேச வந்தால் நீ போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறாய், அதனால் கடிதம். அதைப் பங்கு மாதப் பத்திரிகையில் போட வேண்டுமா என்றும் கேட்பாய். சாமியாரும் அதைத்தான் கேட்டார். "அம்மா, இது உங்க வீட்டு விஷயமாச்சே" என்றார். "சாமி, ஹால்ல மைக் வச்சிகினு நடந்தது வூட்டு விஷயமா?" என்றேன். தாளை வாங்கி வைத்துக்கொண்டார். நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவள். எழுத்துப் பிழைகளைச் செல்வியின் பெரிய மகள் திருத்திக் கொடுத்தாள். விஷயத்தில் கைவைக்க அவளை விடவில்லை.

எனக்கு மறதி கிடையாது என்று உனக்குத் தெரியும். உன் அப்பா போர்ட்டில் சரக்குத் தூக்குகிற வின்ச் ஓட்டிவிட்டு வந்து, சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொல்வார், "உங்கம்மாகிட்ட அடி கூட வாங்கிக்கலாம்டா, ஆனா அவ கணக்குல மாட்டிக்கக் கூடாது. அழிக்கவே மாட்டா." உண்மைதான். என் கல்யாணப் பந்தியில் எனக்கு மட்டும் கறி வைக்காமல் அடுத்த இலைக்குப் போன உன் பெரிய அத்தையின் சாவுக்கு நான்தான் முதல் ஆளாகப் போனேன். மாலை போட்டேன். அழவும் அழுதேன். கறி விஷயம் அப்படியேதான் இருக்கிறது. இப்படிப்பட்டவள் எழுதுகிறாள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

கேம்ப் எப்படி வந்தது என்று நிதி கேட்டு அனுப்புகிற உன் புரொபோசலில் நீ எழுதியதை எனக்கு ஒருநாள் படித்துக் காட்டினாய். "கடலோரச் சிறார்களின் கல்வி இடைவெளியை நிரப்பும் நோக்கத்துடன்" என்று ஆரம்பித்தது. அப்படியா வந்தது? மீன்பிடித் தடைக்காலமும் பள்ளிக்கூட லீவும் ஒன்றாக வருகிற ஊர் இது. போட்டெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். ஆம்பிளைகள் வலை பின்னிக்கொண்டோ சீட்டு ஆடிக்கொண்டோ இருப்பார்கள். வீட்டில் காசு இருக்காது. பிள்ளைகள் வெயிலில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓடிப்பிடித்து விளையாடுவார்கள். ஒரு வருடம் கல்மண்டபம் ரோட்டில் ஒரு பையனுடைய பாதம் சக்கரத்தில் போய்விட்டது. நீ அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாய். உன் சட்டையை நான்தான் துவைத்தேன், கறை போகவில்லை. அந்த வாரமே சாமியாரிடம் போய் ஹால் சாவி கேட்டாய். "இன்னா பண்ணப் போறே?" என்று கேட்டதற்கு, "தெரியலம்மா, எல்லாத்தையும் உள்ள குந்த வைக்கணும், அவ்ளோதான்" என்றாய். அதுதான் கேம்ப். அந்த ஒரு வரியை நீ எந்தக் கம்பெனிக்கும் எழுதவில்லை.

உட்கார வைத்த பிள்ளைகளுக்குப் பசிக்குமே, அதற்காக நானும் நூர்ஜஹானும் அடுப்பை மூட்டினோம். அரிசிக்கு உன் அப்பாவுடைய பழைய யூனியன் ஆட்களைப் பார்த்தாய். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் நூர்ஜஹான் வீட்டுக்காரர் தன் கடையிலிருந்து ஒரு தேக்சா குஸ்கா அனுப்புவார். ஐஸ் கம்பெனியில் இறால் உரிக்கிற பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் கருவாடு கொண்டுவந்து போடுவார்கள். இதெல்லாம் நிதி இல்லையா? ஒரு நாள் கூட யாரும் எங்களிடம் ரிப்போர்ட் கேட்டதில்லை. குழம்பில் ஏன் உப்பு அதிகம் என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள்.

ஸ்டீபன் வந்தது அப்படித்தான். தடைக்காலத்தில் அவனுக்கும் வேலை இல்லை. ஒரு பழைய டீசல் இன்ஜினை மீன்பாடி வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து ஹாலுக்குப் பின்னால் இறக்கினான். "இஸ்கூல்ல இன்னா சொல்லித் தரானுங்களோ எனக்குத் தெரியாது. இத்தப் பிரிச்சு மாட்டினா மூளை தானா வரும்" என்றான். பிள்ளைகள் கையெல்லாம் கரி. அம்மாக்கள் வந்து சண்டை போட்டார்கள். "சோப்பு வாங்கித் தரேன்மா, பேஜார் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டு அவன் பாட்டுக்குக் கற்றுக்கொடுத்தான். பக்கத்தில் ரோஸி நின்றுகொண்டு, அப்பன் கை நீட்டுவதற்கு முன்னாலேயே சரியான ஸ்பானரை எடுத்துக் கொடுப்பாள். அவன் வாங்கியது டீ மட்டும். அதையும் ரோஸிக்குப் பாதி ஊற்றிக் கொடுப்பான். இதை நீயும் பார்த்தாய். நீதான் போட்டோ எடுத்தாய்.

பிறகு டிரஸ்ட் என்று பதிவு செய்தாய். சரி, அது வேண்டியதுதான். அரிசி விலை ஏறியது, பிள்ளைகள் கூடினார்கள், யூனியன் ஆட்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். மண்ணடி ஆடிட்டர் ஆபீஸ் படிக்கட்டில் நீ காத்துக் கிடந்தது எனக்குத் தெரியும். கொடுக்கிறவர்களுக்கு வரி குறையும் என்று வருமான வரிக்காரர்களின் பேப்பர் வந்த அன்று கேசரி கிண்டினேன். இனி யாரிடமும் கேட்கலாம் என்றாய். கேட்டாய். ஒருவன், கேம்ப் என்றால் விளையாட்டு, நாங்கள் கல்விக்குத்தான் கொடுப்போம் என்றான். இன்னொருவன், கிராமத்துக்குத்தான், சென்னைக்கு இல்லை என்றான். சில வருடக் கணக்கு முடித்துக் காட்டிய டிரஸ்டுக்குத்தான் என்று ஒருவன் சொன்னான். புதிதாக ஆரம்பித்தவன் பழையவனாக ஆகிற வரைக்கும் எதைச் சாப்பிடுவான் என்று நான் கேட்டேன், நீ சிரித்தாய். பாதி பேர் பதிலே போடவில்லை. நீ அவசரத்தில் ஒரே புரொபோசலைப் பெயர் மட்டும் மாற்றி மாற்றி எல்லாருக்கும் அனுப்பினாய். ஒரு கம்பெனிக்குப் போனதில் வேறொரு கம்பெனியின் பெயர் நடுவில் அப்படியே நின்றுவிட்டது. அந்த ஆபீசர் போன் செய்து, "எங்ககிட்ட கேக்குறீங்களா, அவங்ககிட்ட கேக்குறீங்களா?" என்று கேட்டதாகச் சொன்னாய். அன்றைக்கு நீ சாப்பிடாமல் படுத்ததைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

அப்புறம் கேம்ப் வளைய ஆரம்பித்தது. ஒருவன் சுற்றுச்சூழலுக்குக் கொடுப்பான் என்று கேள்விப்பட்டு, பிள்ளைகளை வேனில் ஏற்றி எண்ணூர் கழிமுகத்துக்குக் கூட்டிப் போய் அலையாத்திச் செடி நட வைத்தாய். அவன் கொடுத்தது ஆளுக்கொரு தொப்பி. தொப்பியும் சேறுமாக வந்து நின்ற பிள்ளைகளைப் பார்த்து நானும் சேர்ந்துதான் சிரித்தேன். கம்ப்யூட்டருக்குக் கொடுப்பான் என்று இன்னொருவனுக்காக நாலு பழைய லேப்டாப் கடன் வாங்கி மேசையில் வைத்தாய். மேசை போட இடம் வேண்டும் என்று ஸ்டீபனுடைய இன்ஜினை அப்புறப்படுத்தச் சொன்னாய். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "வுடுங்கம்மா, வர்றவங்க இத்தப் பாத்து கலீஜா கீதுனு ஓடிடுவாங்க" என்று தானே அதைத் தள்ளிக்கொண்டு போனான். அன்றைக்கே நான் வாயைத் திறந்திருந்தாலும் நீ கேட்டிருக்க மாட்டாய். அப்போது உனக்கு வினோத் வந்துவிட்டான்.

வினோத் உன் காலேஜ் தோஸ்து. அடையாறு பக்கம் ஏதோ ஆபீஸில் இப்படி நிதி கேட்டு எழுதுவதே அவனுக்கு வேலை. ஒரு மதியம் வந்தான். வஞ்சிரம் வாங்கி வைத்திருந்தேன், மூன்று தரம் குழம்பு வாங்கிச் சாப்பிட்டான். சாப்பிட்டுவிட்டுச் சொன்னான், "அம்மா, உங்க கேம்ப் ரொம்ப நல்லா இருக்கு. ஆனா நல்லா இருக்கறதுக்கு யாரும் பணம் தர மாட்டாங்க. என்ன கெட்டுப் போயிருக்கோ அதைத்தான் காட்டணும்." பிறகு உன் பக்கம் திரும்பி, "ஒரே ஒரு குழந்தை போதும்டா. ஒரு முகம். படிக்கிறவங்க கண்ணுல தண்ணி வரணும்" என்றான். "மொகம்னா இன்னாப்பா?" என்று நான் கேட்டேன். "கேஸ் ஸ்டோரிம்மா" என்றான். நீ அதை ஒரு பேப்பரில் குறித்துக்கொண்டாய். தட்டை எடுத்துக்கொண்டு நான் உள்ளே போனேன். எனக்கு அந்த வார்த்தை விளங்கவில்லை. போலீஸ் கேஸ் மாதிரி ஏதோ என்று நினைத்தேன்.

ஆனால் உனக்கு அந்த வேலை என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். நான் உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்? எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது எங்கள் குடிசை வரிசை முழுக்கத் தீயில் போனது. மறுநாள் போர்வை கொடுக்க ஆட்கள் வந்தார்கள். துணிக்கடை ராஜமாணிக்கம் அதற்குத் தலைவர். வரிசையில் என் அம்மா முதலில் நின்றாள். போட்டோ பிடிக்கப் போகும்போது அந்த ஆள் சொன்னார், "அந்தக் கம்மலைக் கழட்டும்மா. கம்மல் போட்டுக்கினு போர்வை வாங்கினா, பாக்கறவன் இன்னா நினைப்பான்?" அது பித்தளைக் கம்மல். தீயில் மிஞ்சியது அதுதான், அவள் காதிலேயே இருந்ததால். அம்மா கழட்டி என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போய் நின்றாள். அப்புறம் அவள் காதில் எதையும் போடவே இல்லை. நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அந்தக் கடை வாசலில் நாம் போகும்போதெல்லாம், "யம்மா, இவங்கதானே கம்மல் கடை?" என்று கேட்பாய். கடைக்குள் நுழைந்து ஒரு கைக்குட்டை கூட நாம் வாங்கியதில்லை. இதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை நீ.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். காலையிலேயே மேடைக்குப் பின்னால் பெரிய ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தது. அதில் ரோஸியின் முகம், ஆள் உயரத்துக்கு. இறால் ஓட்டுக் குவியலுக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறாள், தலை கலைந்திருக்கிறது. அம்மாவுக்குச் சோறு கொடுக்க ஐஸ் கம்பெனிக்குப் போனவள், காற்றில் தலை கலைந்து ஒரு நிமிஷம் உட்கார்ந்தபோது நீ எடுத்தது. கீழே முழுக்க இங்கிலீஷ். நூர்ஜஹான் பார்த்துவிட்டு, "அக்கா, நம்ம ரோஸிப் பொண்ணு சினிமாக்காரி கணக்கா கீதுக்கா" என்றாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஸ்டீபன் அதன் முன்னால் நின்று, தன்னையும் சேர்த்து ஒரு போட்டோ எடுக்கும்படி லூர்துவிடம் சொன்னான். அப்போது நீ அங்கேதான் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தாய்.

மேடம் நல்ல மனுஷி. இங்கிலீஷில் பேசிவிட்டுப் போயிருக்கலாம். எல்லாருக்கும் புரியட்டும் என்று, நீ அனுப்பிய புரொபோசலில் இருந்ததைத் தமிழில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். "இந்தக் குழந்தையை மலர் என்று கூப்பிடுவோம்" என்று ஆரம்பித்தார். மலரின் அப்பா பெரும் குடிகாரர் என்று படித்தார். வீட்டில் அடுப்பு எரிவதில்லை, மலரின் படிப்பை அவர் நிறுத்திவிட்டு இறால் உரிக்க அனுப்பினார், கேம்புக்கு வந்துதான் அவள் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றாள் என்று படித்தார். முதலில் பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள், விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து. பிறகு எல்லாருடைய கண்ணும் ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்டு அந்த வெள்ளைச் சட்டைக்கு வந்தன.

ஸ்டீபன் எழுந்தான். சத்தம் போடவில்லை. "மேடம், மன்னிச்சுக்கோங்க. அந்தப் போட்டோல கீறது என் பொண்ணு" என்றான். மேடம் சிரித்த முகமாக, "ரொம்பப் பெருமையா இருக்கும் இல்லைங்களா?" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது, பாவம். ஸ்டீபன் உன் பக்கம் திரும்பினான்.

"இன்னா தம்பி இது? குடிகாரன்னு படிக்கிறாங்களே, யாரு, நானா? நான் எப்போபா இவளை இஸ்கூலு வுட்டு நிறுத்தினேன்? இவ கிளாஸ் ஃபர்ஸ்டு. உனுக்குத் தெரியாதா?"

மைக் உன் கையில் இருந்தது. ஆமாம், நான் எழுதியது தப்பு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நீ சொன்னது எனக்கு அட்சரம் மாறாமல் நினைவிருக்கிறது. "ஸ்டீபன் அண்ணே, ஃபங்ஷன் முடிஞ்சதும் பேசிக்கலாம். ப்ளீஸ், உக்காருங்க." அதோடு விட்டாயா? பிள்ளைகள் பக்கம் திரும்பி, "எல்லாரும் ஜோரா ஒரு தடவை கை தட்டுங்க" என்றாய். நீ தட்டச் சொன்னால் அவர்கள் தட்டுவார்கள், பழக்கம். தட்டினார்கள். என் பேரப்பிள்ளைகளும் தட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவே ஸ்டீபன் நடந்து வெளியே போனான். லூர்து செருப்பைக் கூட மாட்டாமல் அவன் பின்னால் ஓடினாள். நான் கரண்டியோடு மேடைப் பக்கம் வந்தேன், செல்வி கையைப் பிடித்து இழுத்து, "யம்மா, கம்முனு இரு, அந்தம்மா முன்னாடி வாணாம்" என்றாள். ரோஸி மட்டும் மேடையில் நின்றாள். நீ அவளுக்குக் கண்ணைக் காட்டினாய். அந்தப் பிள்ளை தாளைப் பிரித்து, நீ எழுதிக் கொடுத்த நன்றியை இங்கிலீஷில் கடைசி வரைக்கும் தப்பில்லாமல் படித்தது. படிக்கத் தெரியாத மலர்.

அன்று மாலை அந்த வீட்டில் நடந்தது உனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. மறுநாள் குழாயடியில் லூர்து சொன்னாள். "நீதானே போய்ச் சொன்னே? நீ சொல்லாம அந்த ஆளு எப்டி எழுதுவான்?" என்று ஸ்டீபன் ரோஸியைக் கேட்டிருக்கிறான். இல்லை, இல்லை என்று அவள் சொல்லச் சொல்ல அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. அறைந்துவிட்டான். "பொறந்ததுல இருந்து கை ஓங்காத மனுசன்கா" என்று லூர்து அழுதாள். எல்லாரையும் போல ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் குடிக்கிறவன், இப்போது வாரம் முழுக்கக் குடிக்கிறான். ஹார்பரில் அவனைப் பார்த்ததும், "இன்னா மாமு, அடுப்பு எரியுதா?" என்று கேட்கிறார்கள். தெருப் பையன்கள் ரோஸியை, "ஏய் மலரு" என்று கூப்பிடுகிறார்கள். இங்கே தலைகாட்ட முடியவில்லை என்று, பள்ளிக்கூடம் திறந்ததும் அவளுக்கு டி.சி. வாங்கிப் பழவேற்காட்டில் தன் தங்கை வீட்டில் கொண்டு போய் விடப்போகிறானாம். அந்தத் தங்கைக்குக் கைக்குழந்தைகள். அங்கே போனால் அவள் குழந்தை பார்ப்பாளா, படிப்பாளா? நீ எழுதியபோது அந்த வீட்டில் அப்படி ஒரு அப்பன் இல்லை, மகனே. நீ எழுதி, மேடம் படித்த பிறகுதான் அவன் அங்கே குடி வந்தான்.

நான் போனேன். சின்னப் பிள்ளையைக் கைநீட்டி அடிக்க வெட்கமாக இல்லையா என்று வாசலில் நின்று அவனைத் திட்டினேன். தலையைக் குனிந்துகொண்டான். "ரோஸி ஒரு வார்த்தை சொல்லலப்பா, எல்லாம் என் புள்ள வேலை" என்றேன். அவன் நிமிரவில்லை. "யம்மா, உன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல. நீ உன் புள்ளைக்கோசரம் வந்துகினு கீற. எழுதினவன் வரட்டும். என் பொண்ணு முன்னாடி, தெருவுல நாலு பேரு முன்னாடி சொல்லட்டும். அப்பால பாப்போம்" என்றான். ஜன்னலுக்குள்ளே ரோஸி நின்றுகொண்டிருந்தாள். என்னை எப்போதும் ஆயா ஆயா என்று கத்திக்கொண்டு வருகிறவள், முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள்.

இதை உன்னிடம் வந்து சொன்னபோது நீ சொன்ன பதிலையும் எழுதிவிடுகிறேன். "யம்மா, எல்லாரும் இப்படித்தான் எழுதுறாங்க. பேரைக் கூட மாத்திட்டேன். இதால எத்தினி புள்ளைங்க சாப்புடுது, அத யோசிச்சியா?" யோசித்தேன். ஆக்கிப் போடுகிறவள் நான்தான், எனக்குத் தெரியாதா? ஊர்ப் பிள்ளைகளுக்குச் சோறு போட ஒரு பிள்ளையுடைய அப்பனை எடுத்து விற்பதற்கு உனக்கு யார் உரிமை கொடுத்தது? அதுவும் எந்த அப்பனை? சம்பளம் வாங்காமல் இன்ஜின் தள்ளிக்கொண்டு வந்தவனை. போய் அவனைக் கேட்டிருந்தால், "என்னைப் பத்தி எழுதிக்கோ தம்பி, தடைக்காலத்துல சும்மாதான் கீறோம், கஷ்டந்தான்" என்று அவனே உண்மையைச் சொல்லியிருப்பான். அதை எழுதியிருக்கலாம். தடைக்காலத்தில் வேலையில்லாத ஒரு மெக்கானிக் பிள்ளைகளுக்குத் தன் தொழிலைக் கற்றுக்கொடுக்கிறான் என்று எழுதினால் எந்தக் கம்பெனி படிக்காது? படிக்காவிட்டால் போகட்டும்.

இப்போது பெங்களூர்க்காரர்கள் அந்தப் புரொபோசலைப் பார்த்துத்தான் உன்னை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஊர் ஊராகப் போய், சின்னச் சின்ன டிரஸ்டுகளுக்கு எப்படி நிதி தேடுவது, எப்படி எழுதுவது என்று சொல்லிக்கொடுக்கிற வேலையாம். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. நீ போகிற ஊரிலெல்லாம் ஒரு ஸ்டீபன் இருப்பான். ஆகவே சொல்கிறேன், பிடித்தால் அவர்களுக்கும் சொல்லிக்கொடு. கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை, நானும் உனக்காகத் தெருத் தெருவாக அரிசி கேட்டவள்தான். ஆனால் முதலில் பக்கத்தில் இருக்கிறவனிடம் கேட்கச் சொல். அவனுக்கு உன்னைத் தெரியும், உன் பொய்யும் அவனிடம் செல்லாது. கொடுக்கிறவன் எதற்குக் கொடுக்கிறான் என்று பார்த்துவிட்டுக் கேட்கச் சொல். நாம் செய்வது அதில்லை என்றால் அவனை விட்டுவிடச் சொல், அவனுக்காகச் செடி நடப் போக வேண்டாம். ஆண்டுக் கணக்கை ஒழுங்காக முடிக்கச் சொல். ஒருவன் முடியாது என்றால் ஏன் என்று போன் செய்து கேட்கச் சொல், பாதி பேர் நன்றாகவே பதில் சொல்வார்கள், நீதான் கூச்சப்பட்டுக் கேட்கவில்லை. ஒரு பிள்ளையைப் பற்றி எழுதினால், அனுப்புவதற்கு முன்னால் அந்த வீட்டுக்குப் போய், அந்தப் பிள்ளையையும் பெற்றவர்களையும் உட்கார வைத்து, தமிழில் சத்தமாகப் படித்துக் காட்டச் சொல். அவர்கள் முகத்தைப் பார்த்துப் படிக்க முடியாதது எதுவும் அந்தத் தாளில் இருக்கக்கூடாது.

ஆனால் யாருக்கோ சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் ஸ்டீபன் வீட்டுக்குப் போ. சாயங்காலமாகப் போ, தெருவில் ஆள் இருக்கும். ரோஸி ஒன்றும் சொல்லவில்லை, நானாகக் கட்டி எழுதினேன் என்று அவள் முன்னால் சொல். அவன் அடித்தால் வாங்கிக்கொள். பிறகு மேடத்துக்குப் போன் போட்டு, அந்தக் கதை பொய், ரோஸி படத்தை எங்கெல்லாம் போட்டிருக்கிறீர்களோ எடுத்துவிடுங்கள் என்று கேள். பணத்தைத் திரும்பக் கேட்பார்கள் என்று நீ பயப்படுகிறாய். கேட்கட்டும், கொடுத்துவிடு. கேம்ப் நின்றுபோகும் என்றாயே, நானும் நூர்ஜஹானும் இன்னும் சாகவில்லை. கஞ்சி காய்ச்சி ஊற்றினாலும் பிள்ளைகள் வரும். ஆனால் ரோஸி பழவேற்காட்டுக்குப் போய்விட்டால், அவளை எந்தப் புரொபோசல் எழுதித் திரும்பக் கொண்டுவருவாய்?

நீ போகாவிட்டாலும் இந்தப் பத்திரிகை ஸ்டீபன் வீட்டுக்குப் போகும். லூர்துவுக்குப் படிக்கத் தெரியும். ஆகையால் எல்லாரும் படிக்க இங்கே எழுதுகிறேன்: ஸ்டீபன் குடும்பத்தைப் பட்டினி போட்டவன் இல்லை, மகள் படிப்பை நிறுத்தியவன் இல்லை. ரோஸி தன் அப்பனைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. எழுதியது என் மகன்.

மேடத்தின் மேல் எனக்குக் கோபம் கிடையாது, கொடுத்ததை நம்பிப் படித்தார். வினோத் மறுபடி வந்தால் வஞ்சிரம் கிடையாது, சாம்பார்தான், அதற்கு மேல் அவனோடு எனக்குச் சண்டை இல்லை. ஸ்டீபன் அடித்ததற்கு அவனை நேரில் திட்டித் தீர்த்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை வழிக்கு உனக்கு இட்லி கட்டித் தருவேன், மிளகாய்ப்பொடியில் எண்ணெய் விட்டுத் தனியாக. சென்ட்ரலுக்கு வந்து வண்டி நகரும் வரைக்கும் நிற்பேன். நீ ஸ்டீபன் வீட்டுப் படி ஏறினால் ரோஸிக்கு அவள் அப்பன் திரும்பக் கிடைப்பான், அதற்காகப் போ. என்னைச் சமாதானப்படுத்தலாம் என்று போகாதே. அந்தக் கைதட்டல் என் காதில் இருக்கிறது, அது போகிறதாகத் தெரியவில்லை. போன சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் கேட்டார், "யாரையாவது மன்னிக்காம மனசுல வச்சிருக்கீங்களாம்மா?" பழைய கணக்கையெல்லாம் அவருக்கு ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன். அதெல்லாம் போகட்டும் சாமி, புதிதாக ஒருவன்தான் என்றேன். யார் என்று கேட்டார். இதே கோயில் தொட்டியில் அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது நான் வைத்த பெயரையே சொன்னேன். அந்தோணி அருள்.